தேயிலை சுமந்த குட்டி இரயில்: மாதிரி செய்வோம்

பட்டாபிராமில் வாழும் நமக்கு இரயில் புதிய பொருளன்று. சென்னையிலிருந்து வரும் மின்தொடர் வண்டிகளில் சில, ‘பட்டாபிராம் மிலிட்டரி சைடிங்’ என்னும் பெயர்ப்பலகையோடு வருகின்றன. ‘சைடிங்’ என்ற சொல்லை நாள்தோறும் சொல்கிறோம். அதன் பொருள் யாதென்று கேட்டால் பலர் விழிப்பார்கள். முதன்மைப் பாதையிலிருந்து பிரிந்து, சரக்கை ஏற்றவும் இறக்கவும் வண்டிகளை நிறுத்தி வைக்கவும் ஒதுக்கப்பட்ட பக்கப் பாதையே சைடிங். ஒரு வேலைக்காகப் போடப்பட்ட பாதை என்று சுருக்கமாகச் சொல்லலாம். அவ்வாறு வேலைக்காகவே பிறந்து, வேலை செய்தபடியே மறைந்துபோன ஒரு சிறு இரயிலின் மாதிரியை நம் கைகளால் எவ்வாறு அமைப்பது என்பதே இப்பாடம்.

இந்தியாவின் முதல் பயணிகள் இரயில் 1853-ஆம் ஆண்டில் பம்பாயிலிருந்து தானாவுக்கு ஓடியது என்று பாடநூலில் படித்திருப்பீர்கள். அதற்குப் பதினாறு ஆண்டுகளுக்கு முன்பே, 1837-இல், நம் ஊருக்கு வடகிழக்கே உள்ள செங்குன்றத்திலிருந்து சிந்தாதிரிப்பேட்டைப் பாலம் வரை ஓர் இருப்புப்பாதை இருந்தது. சென்னைச் சாலைகளுக்கு வேண்டிய செம்புறைக்கல்லைக் கொண்டுவருவதே அதன் தொழில். அதை அமைத்தவர், பின்னாளில் கோதாவரி அணையால் பெரும் புகழ் பெற்ற ஆர்தர் காட்டன் அவர்கள். ஆக, நம் நாட்டில் இரயிலேறிய முதல் பயணி கல்தான்! இதை உங்கள் வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டுப் பாருங்கள்; நம்ப மறுப்பார்கள்.

மாதிரிக்கு நாம் எடுத்துக்கொள்ளப்போவது வேறொரு வேலைக்கார இரயில். தமிழ்நாடு, கேரள எல்லை மலையில், மூணாற்றிலிருந்து டாப் ஸ்டேஷன் வரை தேயிலை ஏற்றிச் சென்ற குண்டளைப் பள்ளத்தாக்கு இரயில் அது. முதலில் 1902-ஆம் ஆண்டில் அங்கே போடப்பட்டது ஒற்றைத் தண்டவாளம். யூயிங் முறை என்பது அதன் பெயர். வண்டியின் பளுவில் பெரும்பகுதியை ஒரே தண்டவாளத்தின் மேல் ஓடும் சக்கரங்கள் தாங்கும். பக்கவாட்டில் நீண்ட ஒரு பெரிய சக்கரம் சாலையின்மேல் உருண்டு வண்டி கவிழாமல் காக்கும். இழுத்தவை மாடுகள். (இதே முறையில் பாட்டியாலா சமஸ்தானத்தில் ஓடிய இரயிலின் எஞ்சின் ஒன்றைப் புதுதில்லி தேசிய இரயில் அருங்காட்சியகத்தில் இன்றும் காணலாம். தில்லி செல்வோர் தவறவிடாதீர்கள்.) 1908-இல் அந்த ஒற்றைத் தண்டவாளத்தை மாற்றி, இரண்டடி அகலமுள்ள குறுகிய பாதை அமைத்தார்கள். நீராவி எஞ்சின் வந்தது.

தேயிலையின் பயணம் டாப் ஸ்டேஷனோடு முடியவில்லை. அங்கிருந்து மலை செங்குத்தாகத் தமிழ்நாட்டுப் பக்கம் இறங்குகிறது. பெட்டிகள் கம்பிவழித் தொட்டிகளில் ஏறிக் கீழே கொட்டக்குடிக்கு இறங்கின. மேலே இருந்தது டாப் ஸ்டேஷன். கீழே இருந்ததற்கு பாட்டம் ஸ்டேஷன் என்றே பெயர். கொட்டக்குடியிலிருந்து மாட்டு வண்டியில் போடிநாயக்கனூர், பிறகு சமவெளி, இறுதியில் கப்பலேறி இங்கிலாந்து. போடிக்கே இரயில் வந்தது 1928-இல்தான். மலைமேல் இரயில், மலையடியில் மாட்டு வண்டி! இந்த விந்தையை மாதிரியில் காட்டாமல் விடக்கூடாது.

இனிப் பாடத்துக்கு வருவோம். மாதிரி இரயில் செய்ய விரும்புவோர் பெரும்பாலும் முதலில் எஞ்சினைத் தேடுகிறார்கள். பளபளப்பான எஞ்சினை வாங்கி, வட்டமாகப் பாதை போட்டு, அது சுற்றிச் சுற்றி வருவதைக் கண்டு ஒரு வாரத்தில் சலித்துப்போகிறார்கள். தொழிலக இரயிலின் மாதிரிக்கு அந்த வழி உதவாது. முதலில் சரக்கைக் கண்டறிய வேண்டும். சரக்கு எங்கே ஏறுகிறது, எங்கே இறங்குகிறது, ஒரு பெட்டி எவ்வளவு பெரியது, அதைத் தூக்குவது யார்? இவற்றுக்கு விடை கிடைத்தால் பாதையின் அகலம், வளைவு, பக்கப் பாதையின் நீளம் யாவும் தாமே தீர்மானமாகிவிடும்.

பாதையை ஏன் இரண்டடி அகலத்தில் போட்டார்கள் என்பதையே எடுத்துக்கொள்வோம். நம் பட்டாபிராம் வழியே ஓடும் அகலப்பாதையில் இரு தண்டவாளங்களுக்கும் இடையே 1,676 மி.மீ. உள்ளது. மீட்டர்பாதைக்கு 1,000 மி.மீ. குறுகிய பாதையில் இந்தியாவில் இரண்டு வகை: 762 மி.மீ., 610 மி.மீ. இரண்டடி என்பது இந்த 610. டார்ஜிலிங் மலை இரயில் இவ்வகையே. ஊட்டி இரயிலையும் குறுகிய பாதை என்று சொல்வோர் உண்டு, அது மீட்டர்பாதை.

மலைச்சரிவில் பாதை போட, படிபோல ஒரு தட்டை வெட்ட வேண்டும். சரிவு 45 பாகை என்று வைத்துக்கொள்ளுங்கள். தட்டின் அகலம் 2 மீட்டரானால், உட்புறம் வெட்டவேண்டிய உயரமும் 2 மீட்டர். வெட்டிய பகுதியின் முகம் ஒரு முக்கோணம். அதன் பரப்பு 2 சதுர மீட்டர். அதாவது ஒவ்வொரு மீட்டர் நீளத்துக்கும் 2 கன மீட்டர் மண்ணும் பாறையும் அகற்ற வேண்டும். தட்டின் அகலத்தை 4 மீட்டராக்கினால்? முக்கோணத்தின் பரப்பு 8 சதுர மீட்டர். அகலம் இரு மடங்கானால் வேலை நான்கு மடங்காகிறது. மண்வெட்டியும் கடப்பாரையும் கொண்டு வெட்டிய காலத்தில் இந்த நான்கு மடங்கு என்பது எத்தனை பேருடைய முதுகு வலி என்று எண்ணிப் பாருங்கள். குறுகிய பாதை சிக்கனத்தின் பிள்ளை என்று சொல்வது இதனால்தான்.

அடுத்து அளவு விகிதம். மாதிரிக் கடைகளிலும் அஞ்சல் வழியாகவும் எளிதில் கிடைப்பது 16.5 மி.மீ. அகலமுள்ள தண்டவாளம், ஹார்ன்பி, பீக்கோ முதலிய நிறுவனத்தார் செய்வது. இதை 610 மி.மீ. பாதையாகக் கருதினால் விகிதம் என்ன? 610-ஐ 16.5-ஆல் வகுத்தால் 37 வருகிறது, மீதி ஏறக்குறைய இல்லை. எனவே நம் மாதிரி 37-இல் ஒரு பங்கு. இனி எல்லாவற்றையும் 37-ஆல் வகுத்துக்கொண்டே போகலாம். 160 செ.மீ. உயரமுள்ள ஒரு பெண்மணி 43 மி.மீ. அரை மீட்டர் உயரமுள்ள தேயிலைப் பெட்டி 13.5 மி.மீ. இரண்டு மீட்டர் கதவு 54 மி.மீ.

இதே விகிதத்தில் நம் ஊர் இரயிலைச் செய்தால் என்ன ஆகும்? அகலப்பாதை 45 மி.மீ. அகலமாகும், அது தாழ்வில்லை. பன்னிரண்டு பெட்டி மின்தொடர் ஏறத்தாழ 250 மீட்டர் நீளம்; 37-ஆல் வகுத்தால் ஆறே முக்கால் மீட்டர். வண்டி மட்டுமே ஒரு வகுப்பறையை அடைத்துக்கொள்ளும். பிளாட்பாரத்துக்கும் சிக்னலுக்கும் வராந்தாவுக்குத்தான் போக வேண்டும். குட்டி இரயிலோ 120 செ.மீ. நீளமும் 60 செ.மீ. அகலமும் உள்ள ஒரே பலகையில் தன் தொழிலையெல்லாம் செய்து காட்டிவிடும். உண்மை அளவில் அது 44 மீட்டருக்கு 22 மீட்டர். ஒரு சிறு முற்றம்.

பலகைக்கு 9 மி.மீ. ஒட்டுப்பலகை போதும். அடியில் சட்டங்கள் அடித்துக்கொள்ள வேண்டும். இல்லையேல் ஒரு கோடையிலேயே வளைந்துவிடும். பாதையமைப்பு டாப் ஸ்டேஷனின் அச்சு நகலன்று; அங்கே நடந்த வேலையை விளக்குவதற்கென நாம் வகுத்துக்கொள்வது. இடப்பக்கத்திலிருந்து, அதாவது மூணாற்றுத் திசையிலிருந்து, மலைக்குப் பின்னே மறைந்து வரும் ஒரு வளைவு. கடையில் கிடைக்கும் சிறிய வளைவின் ஆரம் 371 மி.மீ. உண்மை அளவில் இது 13.7 மீட்டர். டார்ஜிலிங் பாதையின் புகழ்பெற்ற ‘அகனி பாயின்ட்’ வளைவே ஏறத்தாழ 18 மீட்டர் ஆரமுள்ளது. நம்முடையது அதைவிடக் கூரிய வளைவு. ஆகையால் நீண்ட எஞ்சின் வேண்டாம். நான்கே சக்கரமுள்ள குட்டையான எஞ்சினும் நான்கே சக்கரமுள்ள வேகன்களுமே இங்கே தடம் புரளாமல் ஓடும்.

வளைவு முடிந்ததும் இரண்டு பாயின்ட்கள். ஒவ்வொன்றும் ஏறத்தாழ 168 மி.மீ. அவற்றிலிருந்து மூன்று சைடிங்குகள் பிரிகின்றன. வேகன் ஒன்றுக்கு இணைப்புக் கொக்கியோடு 80 மி.மீ. என்று கொண்டால், ஒரு சைடிங்கில் மூன்று வேகன்களும் மற்ற இரண்டில் இவ்விரண்டும் நிற்க வேண்டும். கூட்டிப் பாருங்கள்: வளைவுக்கு 371, பாயின்ட்களுக்கு 336, நீண்ட சைடிங்குக்கு 240. மொத்தம் 947 மி.மீ. மீதமுள்ள 25 செ.மீ. இடம் கம்பிவழி நிலையத்துக்கு.

கடையில் வாங்கிய தண்டவாளத்தில் ஒரு குறை உண்டு. அதன் சிலீப்பர் கட்டைகள் பெரிய இரயிலுக்காகச் செய்யப்பட்டவை, நெருக்கமாக இருக்கும். குட்டி இரயில் பாதையில் கட்டைகள் விலகியும் சற்றுக் கோணலாகவும் இருப்பதே இயல்பு. ஒன்றுவிட்டு ஒன்றாகக் கட்டைகளை நறுக்கி எடுத்துவிடுங்கள். தண்டவாளங்களின் இடைவெளி மாறிவிடாதபடி கவனம் வேண்டும். சிறிய தங்கைகளிடம் இந்த வேலையைக் கொடுக்காதீர்கள். ஐஸ் குச்சியை 32 மி.மீ. நீளத்துக்கு நறுக்கி இடையிடையே செருகினால் இன்னும் நன்று. சல்லிக்குச் சலித்த ஆற்று மணல். ஃபெவிக்காலில் சம அளவு நீர் கலந்து, பாத்திரம் துலக்கும் சோப்புக் கரைசல் ஒரு துளி விட்டு, மருந்துச் சொட்டுக்குழாயால் மணலின்மேல் இடுங்கள். சோப்பு இல்லாவிட்டால் பசை உருண்டு நிற்கும், மணலுக்குள் இறங்காது. ஏன் என்று அறிவியல் ஆசிரியையிடம் கேளுங்கள்.

மலைக்குத் தெர்மோகோல் துண்டுகளை அடுக்கி, மைதாப் பசையில் தோய்த்த செய்தித்தாளைப் பல அடுக்காகப் போர்த்த வேண்டும். தேயிலைச் செடிக்குப் பாத்திரம் தேய்க்கும் பச்சை நார்ப்பஞ்சு மிகப் பொருத்தம். செடிகளைக் கண்டபடி தூவக்கூடாது. தேயிலைத் தோட்டத்தில் செடிகள் மலையின் வளைவை ஒட்டி வரிசை வரிசையாக நிற்கும். கொழுந்து பறிப்பவர் நடக்க இடையே ஒற்றையடித் தடம் இருக்கும். அந்தத் தடம் இல்லையேல் அது தோட்டமன்று, வெறும் புதர். மண்ணுக்குச் செலவே இல்லை: வீட்டில் தேநீர் வடிகட்டிய சக்கையை வெயிலில் நன்றாகக் காயவைத்துத் தூவினால் மலைமண்ணின் நிறம் அப்படியே வரும்.

மலையைச் செய்யும்போது நீர் வழிய வழி வையுங்கள். பாதையின் உட்புறம் ஒரு வடிகால் கோடு, பாதைக்கு அடியில் ஆங்காங்கே சிறு மதகு. அலங்காரத்துக்காக இதைச் சொல்லவில்லை. இந்த இரயில் ஓடியது பதினாறு ஆண்டுகளே. 1924-ஆம் ஆண்டு ஜூலையில் பெய்த பெருமழை அதை அழித்தது. கொல்லம் ஆண்டு 1099-இல் வந்ததால் கேரள மக்கள் அதைத் ‘தொண்ணூற்றொன்பதின் வெள்ளம்’ என்றே இன்றும் சொல்கிறார்கள். பாதை அடித்துச் செல்லப்பட்டது, மறுபடி போடப்படவில்லை. மழையும் சரிவும் அதே மலையில் இன்னும் இருக்கின்றன. 2020-ஆம் ஆண்டு ஆகஸ்டு 6-ஆம் நாள் இரவு மூணாற்றை அடுத்த பெட்டிமுடியில் மண் சரிந்து தோட்டத் தொழிலாளரின் லயத்து வீடுகளை மூடியது. எழுபது பேர் மாண்டனர். பெரும்பாலோர் தமிழ்க் குடும்பத்தார். உங்கள் வயதுக் குழந்தைகளும் அவர்களுள் இருந்தார்கள்.

ஆகவே பலகையில் கைவைக்கும் முன் தோட்டத்தில் ஒரு சோதனை செய்து பாருங்கள். ஈர மண்ணை 45 பாகைச் சரிவாகக் குவித்து, ஒரு பக்கம் இரண்டு விரல் அகலத்திலும் மறுபக்கம் நான்கு விரல் அகலத்திலும் தட்டு வெட்டுங்கள். பூவாளியால் நீர் ஊற்றுங்கள். எந்தச் சுவர் முதலில் சரிகிறது? பிறகு இரண்டுக்கும் மேலே ஒரு சிறு கால்வாய் கீறி நீரை ஒதுக்கிவிட்டு மறுபடி ஊற்றுங்கள். கண்டதைக் குறிப்பேட்டில் வரையுங்கள். கண்காட்சிக்கு வரும் பெற்றோருக்கு மாதிரியோடு இந்தப் படங்களையும் காட்ட வேண்டும்.

எஞ்சினுக்கு, 12 வோல்ட் நேர்மின்னோட்டத்தில் ஓடும் நான்கு சக்கர அடிச்சட்டம் ஒன்றை வாங்கி, மேல்கூட்டை அட்டையில் நீங்களே செய்யலாம். எட்டு பென்சில் செல்களைத் தொடராக இணைத்தால் 12 வோல்ட் கிடைக்கும். சுவர்ப் பிளக்கிலிருந்து நேரே இணைக்கும் எண்ணம் யாருக்கும் வரவேண்டாம். ஒரு தண்டவாளம் நேர்முனை, மற்றொன்று எதிர்முனை. சக்கரங்கள் வழியே மின்னோட்டம் மோட்டாரை அடைகிறது. முனைகளை மாற்றினால் எஞ்சின் பின்னோக்கி ஓடும். அதற்கென இருவழி ஸ்விட்ச் ஒன்று வைத்துக்கொள்ளுங்கள்.

வேகத்தில் பலரும் தவறுகிறார்கள். மணிக்கு 8 கி.மீ. என்பது இத்தகைய முற்றத்தில் நல்ல வேகம். 37-ஆல் வகுத்தால் நொடிக்கு 6 செ.மீ. நம் 120 செ.மீ. பலகையைக் கடக்க 20 நொடி ஆக வேண்டும். ஐந்து நொடியில் கடந்தால், மலைமேல் மணிக்கு 30 கி.மீ. வேகத்தில் தேயிலையைக் கொட்டிக்கொண்டு ஓடுகிறது என்று பொருள்.

எடையோ வேறு கணக்கு. நீளம் 37-இல் ஒரு பங்கானால் கனஅளவு 37 × 37 × 37, அதாவது 50,653-இல் ஒரு பங்கு. 50 கிலோ தேயிலைப் பெட்டி நம் மாதிரியில் ஒரே கிராம்! ஏழு டன் எஞ்சின் 138 கிராம். நீளத்தைச் சுருக்கும் அளவைவிட எடை எவ்வளவோ வேகமாகச் சுருங்குகிறது என்பதை எட்டாம் வகுப்பினர் இங்கே கையில் வைத்து உணரலாம். இவ்வளவு இலேசான வேகன் தண்டவாளத்தில் துள்ளும். ஆதலால் உள்ளே இரும்பு நட்டுகளை ஒட்டி எடையூட்டுவதில் குற்றமில்லை. ஈயம் வேண்டாம், அது நஞ்சு.

கம்பிவழி நிலையந்தான் இந்த மாதிரியின் உயிர். பலகையின் வலது விளிம்பே மலையின் விளிம்பு. அங்கே ஒரு நூல்கண்டு உருளை. பலகைக்கு 45 செ.மீ. கீழே, ஒரு மீட்டர் தள்ளி, முக்காலியின்மேல் மற்றோர் உருளை. இரண்டையும் சுற்றி முடிவற்ற நூல். காகிதக் கிளிப்பை வளைத்துத் தொட்டிகளைத் தொங்கவிடுங்கள். இறங்கும் பக்கம் பாரமேறிய தொட்டிகளையும் ஏறும் பக்கம் வெறுந்தொட்டிகளையும் மாட்டினால், எடை மிகுந்த பக்கம் தானே இறங்கி வெறுந்தொட்டிகளை மேலே இழுக்கும். மோட்டாரே தேவையில்லை, வேகத்தை அடக்க உருளையின்மேல் ஒரு துணிப்பட்டை பிரேக் போதும். ஒரு கிராம் பெட்டிகளால் இது நடவாது என்பதை முன்பே சொல்லிவிடுகிறேன். தொட்டிக்கு இருபது கிராமாவது வேண்டும். நூல் வழுக்கினால் உருளையில் இரு சுற்றுச் சுற்றுங்கள். முக்காலியின்மேல் கொட்டக்குடி, அங்கே ஒரு மாட்டு வண்டி காத்திருக்கட்டும்.

மனிதர் இல்லாத தொழிலகம் இல்லை. 1:35 அளவுப் பொம்மைகள் கடையில் கிடைக்கும். ஆனால் அவை பெரும்பாலும் போர்வீரர்கள். நமக்கு வேண்டியவர்கள் கொழுந்துக் கூடை சுமந்த பெண்கள், பெட்டி தூக்குவோர், பாயின்ட் மாற்றுபவர். மெல்லிய கம்பியில் உருவம் வளைத்து, எம்-சீல் பூசி, 43 மி.மீ. உயரத்தில் நீங்களே செய்யுங்கள். மதுரை, இராமநாதபுரம், திருநெல்வேலிச் சீமைகளிலிருந்து மலையேறிய குடும்பங்கள் அவை. சேலைக்கட்டு அதற்கேற்ப இருக்கட்டும். ஒரு வேகனுக்கு எத்தனை பேர் பெட்டி ஏற்றினால் வேலை தடைப்படாது என்று எண்ணிப் பார்த்து அத்தனை பேரை நிறுத்துங்கள். இருவரை மட்டும் அழகுக்கு நிறுத்துவதை நான் ஏற்கமாட்டேன்.

இனி ஓட்டும் முறை. ஐந்து வேகன்களுக்கும் எண் எழுதுங்கள். ஐந்து சீட்டுகளைக் குலுக்கி மூன்றை எடுத்து, வந்த வரிசையிலேயே அந்த மூன்று வேகன்களையும் நீண்ட சைடிங்கில் நிறுத்த வேண்டும். வளைவுப் பக்கம் 250 மி.மீ. தொலைவில் ஒரு கல் நடுங்கள். எஞ்சினோடு இரண்டு வேகன்களுக்கு மட்டுமே அங்கே இடமுண்டு, கல்லைத் தாண்டக்கூடாது. இங்கிலாந்தில் ஆலன் ரைட் என்பவர் ‘இங்கில்நுக் சைடிங்ஸ்’ என்ற மாதிரியில் அமைத்த புதிரின் சிறிய வடிவம் இது. அவருடையதில் எட்டு வேகன்கள். ஐந்தை வரிசைப்படுத்த வேண்டும். 8 × 7 × 6 × 5 × 4 = 6,720 விதங்கள். நம்முடையதில் 5 × 4 × 3 = 60. நாளொன்றுக்கு ஒரு விதம் ஆடினாலும் இரண்டு மாதம் போகும். ஒருத்தி எஞ்சினை ஓட்ட, ஒருத்தி பாயின்ட்களைப் பார்க்க, மூன்றாமவள் கம்பிவழியின் பிரேக்கைப் பிடிக்க வேண்டும். எத்தனை நகர்வில் முடித்தீர்கள் என்று எழுதி வைத்து, அடுத்த அணியினரோடு ஒப்பிடுங்கள்.

உண்மையான இரயில்களைப் பார்க்க விரும்புவோர், பெரம்பூர் ஐ.சி.எஃப். அருகே 2002-இல் திறக்கப்பட்ட சென்னை இரயில் அருங்காட்சியகத்துக்குச் செல்லலாம். மூணாறு செல்லும் வாய்ப்புள்ளவர்கள், நல்லதண்ணி எஸ்டேட்டில் உள்ள தேயிலை அருங்காட்சியகத்தில் அந்தக் குண்டளை இரயில் எஞ்சினின் சக்கரம் ஒன்றைக் காணலாம். அளவுநாடா எடுத்துச் செல்லுங்கள். விட்டத்தை அளந்து 37-ஆல் வகுத்து வந்தால், நம் எஞ்சினின் சக்கரம் சரியா என்று தெரிந்துவிடும்.

கண்காட்சி முடிந்தபின் பலகையை அலமாரியின்மேல் துணி போர்த்தி வைக்கலாம். ஓட்டுவதற்கு முன் ஒவ்வொரு முறையும் தண்டவாளத்தின் மேற்பரப்பை உலர்ந்த துணியால் துடையுங்கள்; தூசி படிந்தால் மின்னோட்டம் செல்லாது. மழைக்காலத்தில் மாதம் ஒருமுறையாவது வெயிலில் வையுங்கள். தேயிலைச் சக்கை எளிதில் பூசணம் பிடிக்கும்.